முறிகண்டியில் நில்லாதது

கிளிநொச்சி ஸ்ரேசனில் ரிக்கற் எடுக்கும்போது
அண்ணர் போன் அடித்தார்.
நாலு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை:
"சும்மா போற காரில ஒரு சீற் காலியாத்தானே கிடக்கு."

சும்மா போகவில்லை கார்.
லீசிங்கில் போகிறது.
மாதம் இருபத்தெட்டாம் திகதி
அவர்கள் கேற்றடியில் நின்று ஹோர்ன் அடிப்பார்கள்.
பெற்றோல், ரயர்,
பொலிஸ் மறித்தால் மறித்த காசு,
முறிகண்டியில் உடைக்கிற தேங்காய்,
எல்லாம் கூட்டினால்
என் மூன்றாம் வகுப்பு ரிக்கற்றில்
ஏழு தரம் போய் வரலாம்.

ஆனால் கணக்குப் பார்த்து நான் ஏறவில்லை.
வவுனியா மட்டும்
அவருக்குப் பக்கத்தில் இருந்து
ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு
ஐயாவின் வயலைப் பற்றிக் கதையாமல் வர
எனக்குப் பலம் இல்லை.
கோச்சியில் கதையாமல் இருக்கலாம்.
முன்பின் தெரியாத நூறு பேர்
அதற்கு உதவி செய்வார்கள்.

நொத்தாரிசு பத்தரைக்கு வரச் சொன்னவர்.
மூன்று ஏக்கர். இரண்டு கையெழுத்து.

லீவில் போகிற ஆமிப் பெடியன்
தூக்கத்தில் என் தோளில் சரிந்து
விழித்து
சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டான்.
காரில் யாரும் யாருடைய தோளிலும் விழுவதில்லை.
பெல்ற் இருக்கிறது.

றோட்டுக்கு ஊர் முகம் காட்டும்,
பவுடர் பூசிய முகம்:
வங்கி, நகை அடைவு, போன் கடை,
திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழை.
தண்டவாளத்துக்குத் தன் முதுகைக் காட்டும்.
கிணற்றடியில்
சவர்க்காரத் தலையோடு எங்களை முறைக்கிற ஒருவர்.
கதவில்லாத கக்கூசில் சேலைத் திரை.
வீட்டுத்திட்ட வீட்டின் பூசாத பின்சுவரில்
கரியால் எழுதிய பால் கணக்கு,
செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஒரு புள்ளடி.

அண்ணர் வந்த நேரமெல்லாம்
விறாந்தையோடு திரும்பிப் போனவர்.
ஐயா படுத்திருந்தது பின்னறையில்.

இந்தக் கடுகதி முறிகண்டியில் நில்லாது.
ஏ-ஒன்பதில் ஓடுகிற எந்தச் சாரதிக்கும்
பிள்ளையாரைத் தாண்டிப் போகும் துணிவில்லை.
கோச்சி மட்டும்
கடன் தந்தவனைக் கண்ட மாதிரி
ஒரு கூவலோடு கடந்துவிடும்.
கச்சான் கடைக்கு முன்னால்
வெள்ளைக் கார் ஒன்று. அவருடையதுதான்.
நம்பர் பார்க்கத் தேவையில்லை,
பின் பம்பரில் நான் இடித்த நெளிவு.

கொக்காவில் தாண்ட
றோட்டும் நாங்களும்
நாலைந்து பாலை மரத் தூரத்துக்கு நெருங்கினோம்.
இடப்பக்க யன்னலில் நான்.
வலப்பக்க யன்னலில் அவர்,
பறந்து வந்தார்.
எதிரே வந்த லொறி லைற்றை வெட்டியது:
முன்னுக்குப் பொலிஸ்.
வேகம் குறைத்தார், பின்தங்கினார்.

ஒத்துக்கொள்ள வேண்டும்.
பேர் தெரியாதவனைக் காப்பாற்றிவிட்டுப் போகிற அந்த வெளிச்சம்
றோட்டில்தான் உண்டு.
கோச்சிக்கு வழியில் யாரும் கண் காட்டுவதில்லை.
மாடு நின்றால் மாடு,
யானை நின்றால் யானை.

பின்தங்கும்போது கையை வெளியே நீட்டினார்.
கச்சான் சரையைக் காட்டினாரோ
வெறுங்கையையோ,
காடு வந்து மறைத்துவிட்டது.

மாங்குளத்தில் நின்றோம்.
இரண்டு நிமிடம் என்றார்கள்.
பத்தாகியும் அசையவில்லை.
ஒற்றைத் தண்டவாளம்.
எதிரே ஒன்று வருகிறதென்றால்
மற்றது விலகித்தான் நிற்க வேண்டும்.
எது நிற்பதென்று
யாரோ எங்கேயோ இருந்து சொல்வார்கள்.
றோட்டுக்கு இந்த வில்லங்கம் இல்லை,
உரசாமல் இரண்டும் போகலாம்,
ஒன்றின் முகத்தை மற்றது பாராமலே.

போன்.
"எங்க நிக்கிறாய்?"
"மாங்குளத்தில. எதிர்க் கோச்சி வருமட்டும்."
"நான் சந்தியில. தேத்தண்ணிக் கடையடியில."
பிறகு நீண்ட நேரம்
ஒரு பஸ்ஸின் இரைச்சல் மட்டும்.
"கச்சான் ஆறுது," என்றார்.

பை மேல் தட்டில் இருக்கிறது.
ரிக்கற் வவுனியா மட்டும் இருக்கிறது.
சிக்னல் இன்னும் சிவப்பு.
ஆமிப் பெடியன் காலை மடக்கி
எனக்கு வழி விட்டான்,
நான் எழும்பவே இல்லை.