மைனஸ் ஒன்று

சோஹார் துறைமுகம். இரவு ஒன்றரை.
ஏசித் தண்ணீர் பெயின்ட் டப்பாவில் சொட்டுகிறது.
ஒப்பந்தம் கைமாறிவிட்டது,
விடிந்தால் இருநூற்றுப் பதினான்கு பேரும்
வேறு கம்பெனி.
அதே ஹெல்மெட், அதே பஸ், அதே உப்புக்காற்று.
அட்டையில் மட்டும்
பருந்து இருந்த இடத்தில் பாய்மரம்.

ஆட்களுக்கு முன்னால்
அவர்களுடைய ஃபைல்கள் போயாக வேண்டும்.
பெர்லில் ஆறு வரி எழுதினேன்.
புதுக் குழுவின் பெயர் தெரிந்தால் போதாது,
அதன் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் முதலில்.
பெயரை வைத்து இங்கே எதுவும் நகராது;
விமான நிலையத்தில் கைரேகை கொடுத்த அன்றே
கற்ற பாடம்தான்.

உரிமையாளர் இடத்தில் மைனஸ் ஒன்று.
இவரைத் தொடாதே, குழுவை மட்டும் மாற்று
என்று அர்த்தம்.
ஒரு கழித்தல் குறிக்குள்
இவ்வளவு மரியாதையை ஒளித்து வைத்த புண்ணியவான்
யாரோ.

ஓட்டினேன்.
எத்தனை மாறின என்று எண்ணிச் சொல்வது அதன் வழக்கம்.
இருநூற்றுப் பதிமூன்று.

ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டிப் பார்த்தால்
கிரேன் ஓட்டும் சதக்கத்துல்லாவின் ஃபைல்,
'அனுமதி இல்லை.'

மற்றதெல்லாம் என் கணக்கில் பிறந்தவை.
தன்னுடையதைத்தான் ஒருவர் நகர்த்தலாம்,
அதுவும் தானும் இருக்கிற குழுவுக்கு மட்டும்.
புதியதில் என்னைச் சேர்த்ததே நேற்று மாலைதான்.
இது என்னுடையது இல்லை.
உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில்
1047 என்று நிற்கிறது.

பழைய டைம்கீப்பர், லியோன் பர்னாந்து.
மார்ச்சில் விசாவை முடித்தார்கள்,
மத்தியானத்துக்குள் கணக்கையும் அழித்தார்கள்.
ஆள் போனார், பெயர் போனது,
எண்ணுக்கு மட்டும் டிக்கெட் போடவில்லை யாரும்.

திறந்தேன்.
போன ஜூலை,
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம் சொன்ன மணிகளில்
அவரைக் கிரேன்மேல் உட்கார்த்திவைத்த பதினோரு நாள்.
பஞ்சிங் மெஷினில் விழாதவை.
கையால் அடித்துச் சேர்த்திருக்கிறார்.
கீழே ஒரு வரி:
'நான் பார்த்தேன். லி.ப.'

நகலெடுத்தால் அரை நொடி வேலை.
நகல் என் பெயரில் பிறக்கும், சொன்ன இடத்துக்குப் போகும்.
பழையதை அழித்துவிட்டால்
இந்த டிஸ்க்கில் 1047 எங்குமே இருக்காது.
மணிகள் இருக்கும்.
பார்த்தவர் இருக்க மாட்டார்.

கட்டளையைப் பாதி அடித்துவிட்டு
எழுத்தெழுத்தாக அழித்தேன்.

ரூட் கடவுச்சொல் ஹமூதிடம்.
நான்காவது முறை எடுத்தார்.
சர்வர் விழுந்துவிட்டதா?
இல்லை, ஒரே ஒரு ஃபைல்.
ஒரு ஃபைலுக்கா இந்நேரத்தில்?
ஆமாம்.
யாருடையது?
எண் நாக்கு நுனிவரை வந்தது.
லியோனுடையது என்றேன்.

கொட்டாவி. கதவு. லேப்டாப் விழிக்கும் ஓசை.
உரிமையாளர் இடத்தில் மைனஸ் ஒன்று போடுங்கள் என்றேன்.
தெரியும் என்றார்.
இன்னொரு முறையும் சொன்னேன்.