இடது ஓரம், கீழே

எண்ணூர் விரைவுச் சாலையில்
மூன்று மணி நேரமாக அசையாத கன்டெய்னர் வரிசை.
அப்பாவின் லாரியில் நான்,
டேஷ்போர்டில் மூன்று விண்ணப்பங்கள்,
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு ஸ்பேனர்.

கேட் பாஸின் பின்பக்கம் கட்டணங்களைக் கூட்டினார்.
இரண்டாவது கல்லூரியில் பேனா நின்றது.
மை தீர்ந்ததுபோல் உதறினார்.
தீரவில்லை.

முதல் கல்லூரி கண்ணாடிக் கட்டடம்.
பச்சைத் திரை, குளிரூட்டிய ஸ்டுடியோ,
உறை பிரிக்காத கேமராக்கள்.
மூன்றாம் வருஷம்தான் கையில் கொடுப்பார்களாம்.
ஆண்களுக்கு இடப்பக்கப் படிக்கட்டு,
பெண்களுக்கு வலப்பக்கம்.
சுற்றிக்காட்டியவரிடம் அப்பா மெதுவாகக் கேட்டார்:
"லிஃப்ட்டு யாருக்கு சார்?"
அவர் சிரிக்கவில்லை.
வீடு வரும்வரை நாங்கள் சிரித்தோம்.

மூன்றாவது, தண்டையார்பேட்டையில், நடக்கிற தூரம்.
ஒரே கேமரா, லென்ஸில் பூஞ்சை.
லேப் பார்க்கும் எபினேசர் சார்
பெயரைக்கூடக் கேட்காமல் கையில் கொடுத்துவிட்டார்.
காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடித்து வந்த பையன் ஒருவன்
கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஃபோகஸ் வைத்துப் பார்த்தேன்.
கண்ணிமையில் ஒரு செதில்.
யாரும் அவனை எழுப்பவில்லை.
அதுவும் பிடித்திருந்தது.

இரண்டாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.
மரங்கள், பழைய அரங்கம்,
அன்று மாணவர் படங்கள் போட்டார்கள்.
விளக்கு அணைந்தது.
மஞ்சள் வெளிச்சம், ஈரத் தரை,
கத்தியோடு ஒருவன் ஓடுகிறான்.
கொருக்குப்பேட்டை.
எங்கள் தெரு.
அடிபம்பு பக்கத்தில் விழுந்து சாகிறான்,
ரத்தம் சரியான நேரத்தில் வருகிறது.
நான் அவனைப் பார்க்கவில்லை.
இடது ஓரம், கீழே,
வாய் நசுங்கிய நீலக் குடம்.
வரிசையில் மாறிவிடாமலிருக்க
நெயில் பாலிஷில் நான் எழுதிய 'பி'.
பியூலாவின் பி.

கைதட்டல் ஓய்ந்ததும் கையைத் தூக்கினேன்.
"அண்ணா, அந்தக் குடத்துக்காரங்க எங்க?"
எடுத்தவன் பெயர் விஷ்ருத்.
"ஃப்ரேம்ல ஆள் வரக்கூடாதுன்னு கிளியர் பண்ணிட்டோம்."
எனக்கு அந்த நாள் ஞாபகமிருந்தது.
தண்ணீர் வந்தது இருபது நிமிஷம்.
அம்மாவைத் திரும்ப விட்டபோது
பம்பு காற்றைத்தான் அடித்தது.

கேன்டீனில் தேடிக்கொண்டு வந்தான்.
"எந்த ஏரியா?"
இந்தக் கேள்விக்கு எப்போதும்
பீச் ஸ்டேஷன் பக்கம் என்பேன்.
அன்று தெருப் பெயரும் கதவு எண்ணும் சொன்னேன்.
பக்கத்து மேஜையிலிருந்து ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள்,
பிறகு இரண்டு பேர், பிறகு நான்கு.
படம் சரி என்றார்கள், தப்பு என்றார்கள்,
ஒருவரை ஒருவர் முட்டாள் என்றார்கள்.
டீயில் ஆடை படிந்தது.
விஷ்ருத்தின் காதுமடல் சிவந்திருந்தது,
ஆனாலும் எழுந்து போகவில்லை.
என்னையும் ஒருவன் முட்டாள் என்றான்,
வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை,
முன்பே தெரிந்தவளைச் சொல்வதுபோல.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?
எடிட்டிங் ரூம் ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும்,
கடைசி ட்ரெயின் பிடிச்சிடலாம் என்றேன்.
"சண்டை போடுவாங்களா?"
"போடுவாங்கப்பா."
"கை வெச்சா?"
"வாயிலதான்."
கேட் பாஸைத் திருப்பி அந்தத் தொகையை மறுபடி பார்த்தார்.
அது அப்படியேதான் இருந்தது.
"நைட் டிரிப் ரெண்டு ஏத்திக்கலாம்" என்றார்
வண்டிகளைப் பார்த்துக்கொண்டு.
எனக்குச் சந்தோஷமாக இல்லை உடனே.
பூஞ்சை லென்ஸ் கண்ணுக்குள் வந்து போனது.

முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கு அணைந்தது.
எஞ்சின் உறும, இருக்கை அதிர,
ஸ்பேனரை எடுத்துவிட்டு இரண்டாவது தாளை மடியில் வைத்தேன்.
முகவரிக்கு ஒரு சின்னக் கட்டம்.
சுருக்கமாக எழுதவும் என்றிருந்தது.
கதவு எண், தெரு, கொருக்குப்பேட்டை.
அடையாளம் என்ற இடத்தில்
எழுத்து கோணலாக ஆடியது:
அடிபம்புக்கு எதிர் வீடு.