எழுபத்து நான்கு

புள்ளிகளால் ஆன அந்தப் பக்கத்தில்
எனக்கு எழுபத்து நான்கு.
இளம்பரிதிக்கு இருபத்தொன்று.
எழுத்துத் தேர்வில் தேறி, ரயில் ஓட்டப் போகிறவன்.
பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில்
டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.
"உங்க அம்மாவோட அப்பாவுக்கு இருந்துதா?"
அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.
பதில் என்னிடம் இருந்தது.

சிங்காரத்தோப்பு அஞ்சாப்புலி, என் அப்பா,
சந்தையில் ஒவ்வொரு தக்காளியையும்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து எடுப்பார்.
கறாரான ஆள் என்று நினைத்திருந்தேன்.
முகத்துவாரத்தில் சிவப்பு, பச்சை என்று மற்றவர்கள் சொல்ல
இவருக்கு இந்தக் கரை விளக்கு, அந்தக் கரை விளக்கு.
படகு ஒருநாளும் தட்டியதில்லை.

பெரியார் கல்லூரி, விலங்கியல், இரண்டாம் ஆண்டு.
ஆறு மதிப்பெண் கேள்வி:
நிறக்குருடுள்ள ஆண், இயல்பான பெண். பிள்ளைகள்?
நான்கு கட்டம் போட்டேன், ஸ்கேல் வைத்து.
மகன்கள்: ஒருவருக்கும் இல்லை.
மகள்கள்: எல்லோரும் கடத்திகள்.
ஆறுக்கு ஆறு.
அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்
அப்பா வாங்கி வந்த தக்காளியை
நறுக்கிக்கொண்டிருந்தேன்.

திருச்சியிலிருந்து திரும்பும் பாசஞ்சரில்
டிக்கெட்டின் பின்புறம் மறுபடியும் அதே கட்டம்.
ஸ்கேல் இல்லை, வண்டி ஆடியது.
மேலே என் வீட்டுக்காரர். பக்கவாட்டில் நான்.
"எங்க பக்கம் யாருக்கும் இல்லையே" என்றார்.
உண்மைதான். பையனுக்கு நீங்கள் கொடுத்தது
ஒய் ஒன்றுதான், அதில் இதை எழுத இடமில்லை.
சொல்லவில்லை.
ஜன்னலோரம் தூங்குவதுபோல் இருந்த இளம்பரிதி
சிதம்பரத்துக்கு முன்னால் வண்டி நின்றதும்
கண்ணைத் திறந்தான்.
மேல்விளக்கா, கீழ்விளக்கா என்று
பார்த்திருப்பான்.

"ஒருத்தனுக்கு வந்தாச்சு, சின்னவனுக்கு வராது"
என்றார் அவர், பாகப்பிரிவினை முடித்த குரலில்.
இரண்டில் ஒன்று என்றால்
இரண்டு பேரில் ஒருவர் என்றா அர்த்தம்?
ஒவ்வொரு பிள்ளைக்கும் காசை
முதலிலிருந்து சுண்டுகிறார்கள்.
போன தடவை என்ன விழுந்தது என்று
காசுக்கு ஞாபகம் இல்லை.
சேந்தனுக்குப் பதினொரு வருஷம் முன்பே விழுந்துவிட்டது,
நாங்கள்தான் இன்னும்
மூடிய கையை எடுத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, முதுநகர் மார்க்கெட்.
கூடையைச் சேந்தனிடம் கொடுத்துவிட்டு
வெங்காயத்துக்குப் பேரம் பேசுகிறேன்.
அவன் குவியலில் கைவிட்டு
ஒரு தக்காளியை எடுக்கிறான்.
கட்டைவிரலால் அழுத்துகிறான்.

வெங்காயக்காரி மீதிச் சில்லறையை
நீட்டியபடி நிற்கிறாள்.
நானும் அப்படித்தான் வாங்குகிறேன்,
எனக்கு எல்லா நிறமும் தெரியும்.
என்னைப் பார்த்துப் பழகியிருப்பான்.
இருக்கலாம்.

அதை வைத்துவிட்டு
அடுத்ததை எடுக்கிறான்.