அரைப் பேர்

பதுளையில் நேர்முகம்.
என் சேலைக்கு மடிப்பெடுத்துவிட்டு
அம்மா பிந்தித்தான் மலைக்கு ஏறினாள்.
நிறை காணவில்லை. அன்றைக்கு அரைப் பேர்.

இப்போது மருந்துக் கணக்கு.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்.
முதல் தடவை பெயில்.
விரிவுரை சிங்களத்தில், புத்தகம் ஆங்கிலத்தில்,
பயம் மட்டும் தமிழில்.

கொழுந்து நிறுக்கும்போது
தண்ணிக்கென்று இரண்டு கிலோ வெட்டுவார்களே,
அந்தக் கோபத்தோடு கழித்துப் பார்த்தேன்.
விடை வந்தது.

பதினொன்றாம் கட்டில்.
கவ்வாத்துக் கத்தி பட்ட கால்.
என் சட்டைப் பட்டியை எழுத்துக் கூட்டினார்:
"சந்... தன... மேரி அந்தோனிமுத்து.
நம்ம புள்ளையா?"
"ஆமா. அசையாதீங்க."
சீழ் துடைத்தேன். கை நடுங்கவில்லை,
கொஞ்சம்தான்.

இரவு போன் எடுத்தேன்.
"இன்னைக்கு முழுப் பேரா, அம்மா?"
"மழை" என்றாள்.