நாற்பத்தேழின் ஆட்டம்

ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்
வாய் மூடுவதில்லை.
கேத்தனூர் மேட்டில் சோளத்தட்டு படுத்துவிடும்,
காற்றாலைகள் மட்டும் நின்று சம்பாதிக்கும்.

ஒவ்வொன்றாய் நிறுத்தச்சொல்லி
இறக்கையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.
கேமராவை இறுக்கிக் கட்டிய சின்ன ட்ரோன்,
நவநீதனின் இரண்டு கட்டைவிரல்கள்,
என் மடிக்கணினி, அதற்கு ஒரு குடை.

“ஆடாம வேணுமுங்க.
கொளத்துத் தண்ணியாட்ட நிக்கோணும் படம்”
கோவையிலிருந்து பழனியப்பன்.
அவர் அறையில் காற்றே கிடையாது, ஏசி.

முதல் நாள் கேமராவையே பார்த்துக்கொள்ளச் சொன்னோம்.
ஆட்டத்தை எடுக்கும்போதே விழுங்கிவிடும் அது.
கூலியாக நாலு ஓரத்திலும் கொஞ்சம் கடித்துக்கொள்ளும்.
கடித்ததைத் திருப்பித் துப்பாது.
நாற்பத்தொன்றின் இறக்கை நுனியில்
மின்னல் சுட்ட கறுப்பு
பாதி இருந்தது, பாதி இல்லை.
இன்னும் நாலு விரக்கடை அக்கட்டால இருந்திருந்தால்!
பெட்ரோல் போட்டுத் திரும்பப் போனோம்.

மறுநாள் அதை அணைத்துவிட்டுப் பறந்தோம்.
ஆடட்டும், ராத்திரி மென்பொருள் அடக்கட்டும் என்று.
அடக்கியது.
ஆனால் முந்தின நாள் கல்யாணத்துக்கு மாட்டிய கறுப்புக் கண்ணாடியை
அவனும் கழற்றவில்லை, நானும் கேட்கவில்லை.
ஷட்டர் சோம்பியிருக்கிறது.
அசையாத படத்துக்குள்
அசைந்த புகை.
நின்றுகொண்டே நடுங்குவது என்றால் என்னவென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
எந்த மென்பொருளுக்கும் அதற்கு மருந்து தெரியாது.

மூன்றாம் நாள் கண்ணாடியில்லை, வேகமான ஷட்டர்,
கேமரா தன் ஒவ்வொரு குலுக்கலையும்
தனிக் கணக்காக எழுதிக்கொண்டே வந்தது.
பொங்கலூர் லாட்ஜில் இரண்டு செங்கல் மேல் மடிக்கணினி,
அதற்குத் திருப்பிவிட்ட டேபிள் ஃபேன்,
எங்களுக்குக் கொசு.

நாற்பத்தேழை முதலில் படத்தைப் பார்த்தே நிறுத்தினேன்.
கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது மென்பொருள்,
ஆணியடித்த மாதிரி நின்றது கோபுரம்.
பின்னால் தென்னந்தோப்பும் வானமும்
ஊஞ்சலாடின.
தோப்பு ஆடுமா?

அழித்துவிட்டுக் கணக்கைக் கொடுத்தேன்.
கேமரா எவ்வளவு ஆடியது என்று மட்டும்தான்
அந்தக் கணக்குக்குத் தெரியும்.
அதைக் கழித்தது.
தோப்பு நின்றது.
பிஏபி வாய்க்கால் நின்றது.
வரப்பில் மேய்ந்த செம்மறி, கால் மாற்றியது தவிர, நின்றது.

கோபுரம் நிற்கவில்லை.

காற்றில் எல்லாக் கோபுரமும் கொஞ்சம் அசையும்,
தெரியும். நாற்பத்தாறைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.
அதே காற்று, அதே பகல், பதினோரு மணி.
அது தலையாட்டியது.
இது இடுப்பிலிருந்து ஆடியது.

நவநீதனை எழுப்பினேன்.
“நான் ஆட்டுனனாக்கா?” என்றான் முதல் வார்த்தையாக.
இல்லடா, உன்னைக் கழிச்சாச்சு.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான்,
பிறகு தன் கட்டைவிரல்களை.

விடியுமுன் பழனியப்பனைக் கூப்பிட்டேன்.
“கம்ப்யூட்டர் கோளாறா இருக்குமுங்க,
நிறுத்தித்தான் அனுப்புங்களே, எப்பவும்போல.”
இரண்டையும் அனுப்பினேன்,
நின்றதை ஒன்று, ஆடியதை ஒன்று.

பத்து மணிக்கு ஜீப் வந்தது.
அடிவாரக் கதவைத் திறந்து மூன்று பேர் உள்ளே போனார்கள்,
ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பேனர்.
எத்தனை போல்ட் தளர்ந்திருந்தது என்று சொல்லவில்லை.
நாற்பத்தேழு அந்த வாரம் சுற்றவில்லை.
எங்கள் பில்லில் மட்டும்
முதல்முறையாக எதையும் வெட்டாமல் கொடுத்தார்கள்.

நாளைக்குப் பெருமாநல்லூரில் ஆனிக் கடைசி முகூர்த்தம்.
பந்திக்கு முன்னாடியே ஒறம்பரைக்கெல்லாம்
திரையில் ஓட்டிக் காட்டவேண்டுமாம்.
“அப்ப கேமராவுலயே போட்டுரலாங்க்கா?”
போட்டுக்கோ.
ஓரத்துல நிக்கறவங்கள மட்டும்
கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லு.