வில்லங்கம் இல்லை

முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது.
வில்லங்கம் ஏதும் இல்லை என்கிறது முத்திரை.
நீல மை. ஓரத்தில் கொஞ்சம் கலங்கியிருக்கிறது.
ஏன் கலங்கியது என்று
இரவு ஒன்றே முக்காலுக்கு
எழுந்து உட்கார்ந்து யோசிக்கிறேன்.

பக்கத்தில் தவராஜ் தூங்குகிறான்.
கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும்
தினம் மூன்று நடை பஸ் ஓட்டுகிறவன்.
'வளைவு வந்தா ஹாரன் அடிச்சுட்டுத் திரும்ப வேண்டியதுதான்'
என்றான் கடனைப் பற்றி.
நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள்.
எனக்கு ஹாரன் கிடையாது.

மாதம் பதினாலாயிரத்து அறுநூற்றுப் பத்து.
இருநூற்று நாற்பது மாதம்.
பெருக்கிப் பார்க்காதே என்று
வங்கியில் அந்தப் பெண் சொல்லாமல் சொன்னாள்,
கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.
வீட்டுக்கு வந்து பெருக்கினேன்.
முப்பத்தைந்து லட்சத்து ஆறாயிரத்து நானூறு.
பசுந்தேயிலை விலை இறங்கினால் என்று வகுத்தேன்.
ஃபேக்டரி மூடினால் என்று கழித்தேன்.
தவராஜுக்குக் கண் மங்கினால் என்று
பென்சிலை எடுத்துவிட்டுக்
கீழே வைத்தேன்.

வீடு அரவேணுவுக்குக் கீழே.
ரோட்டிலிருந்து முப்பத்தொரு படி.
இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு,
கதவு மூடினால் திறக்காத ஒரு குளியலறை.
பத்திரத்தில் நான்கெல்லை:
வடக்கே ஓடை, கிழக்கே நடைபாதை,
தெற்கே லிங்கம்மாள் வகையறா தோட்டம்,
மேற்கே மலை.
மேற்கே மலை என்று எழுதியிருக்கிறார்கள்.
அது அங்கேயே நிற்கும் என்று எழுதவில்லை.

மலையைத் தாங்கும் சுவரில்
ஒரு முழத்துக்கு விரிசல்.
'எங்கப்பா காலத்துலேருந்து இருக்கு'
என்றார் விற்கிற போஜன்,
அதையும் சேர்த்தே விலை சொன்னவர் மாதிரி.

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும்
ஒரு சுவரின் விரிசலுக்காகத் தூக்கம் கெட்டதில்லை.
பதுளையிலும் சரி, இங்கே வந்த பிறகும் சரி
சுவர் எஸ்டேட்டுடையது.
ஒழுகினால் பாத்திரம் வைப்பார்கள்.
பாத்திரம் மட்டும்தான் எங்களுடையது.

அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே மழை பிடித்தது.
பஸ்ஸில் வந்த யாரோ ஒரு மேஸ்திரி
தவராஜிடம் சொல்லியிருக்கிறார்:
விரிசலுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டிப் பாருங்க,
சுவர் நகர்ந்தா கிழியும்.
பேரேட்டில் ஒரு துண்டு கிழித்து
தேதி எழுதி
சோற்றுப் பசையில் ஒட்டிவிட்டு வந்தேன்.

முதல் ஞாயிறு, கிழியவில்லை.
இரண்டாம் ஞாயிறு, கிழியவில்லை.
நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மூன்றாம் ஞாயிறு
காகிதமே இல்லை.

படியில் உட்கார்ந்துவிட்டேன்.
அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று நினைத்தேன்.
போனால் போகட்டும் என்று நினைக்க முடியாத தொகை அது.
பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன்.
சுவரில் ஒரு வெள்ளிக் கோடு.
கோட்டின் முடிவில் ஒரு நத்தை,
வீட்டோடு வந்து
மாதத்தையும் வருடத்தையும் தின்றுவிட்டு
'12' என்ற எண்ணின் மேல் படுத்திருந்தது.

விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தேன்.
போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது நகம்.
இன்னொரு துண்டு ஒட்டினேன்.
இந்த முறை பசையில் உப்பு.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
ஞாயிறு காலை பத்து மணிக்கு, மேற்குச் சுவரில்
வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
செவ்வாய் இரவு வந்து எழுப்பினால்
இன்னும் நாள் இருக்கு என்று திரும்பிப் படுக்கிறேன்.
சில நாள் கேட்கிறது.
சில நாள் கட்டில் ஓரத்திலேயே நிற்கிறது.

வியாழக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன்.
கட்டைவிரலை வைத்தேன்; மெஷின் ஏற்கவில்லை.
துடைத்துவிட்டு வைத்தேன்; ஏற்கவில்லை.
'கை நடுங்குதே, குளிரா?' என்றார் எழுத்தர்.
குளிர்தான் சார் என்றேன்.
இந்த ஊரில் அதற்கு மேல்
யாரும் எதுவும் கேட்பதில்லை.