கழிவு

முந்நூறு கிலோ தராசில் வைத்தேன்.
பூஜ்யம்.
எடுத்து மறுபடி வைத்து அழுத்தினேன்.
விரலின் எடையைக் காட்டியது,
காசின் எடையை இல்லை.

ஓ.டி.யில் துறைமுகம் போகும் ரோட்டில் என் கடை.
பித்தளைக் குழாய், எரிந்த ஃபேன் காயில்,
படகு எஞ்சினில் கழற்றிய செம்பு வாஷர்
எல்லாம் கலந்து வந்த மூட்டையில்
கொளஞ்சிதான் அதைப் பொறுக்கியெடுத்தாள்.
வாஷர்னா ஓட்டை இருக்கணுமே என்றாள்.
இல்லை.
கறுத்து, பச்சை பூத்து,
ஓரத்தில் எலி கடித்தாற்போல்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குவதற்குள்
புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து
புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கியிருந்தாள்.
அதனால்தான் தெரிந்தது.
ஒரு பக்கம்
வி-யின் இரண்டு தோளிலும்
ஓ-வும் சி-யும் தொங்குகின்றன,
டச்சுக்காரக் கம்பெனி.
மேலே பொட்டளவு கோட்டை.
கீழே வருஷம்: ஒன்று, ஏழு,
மூன்றா எட்டா என்று சொல்லாத ஒன்று,
நான்கு.

மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம்.
கேடயத்துக்குள் அலை.
அலைக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒரு சிங்கம்.
பார்த்ததும் சிரித்துவிட்டேன்.
இரண்டாயிரத்துப் பதினைந்து கார்த்திகையில்
நானும் இப்படித்தான் நின்றேன்,
இதே கடையில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு,
தலைமேல் கணக்கு நோட்டு.

மூன்று வாரம் அந்த ஒரே எண்ணோடு போயிற்று.
திருப்பாப்புலியூர் நகைக்கடையில் நிறுத்தேன்:
மூன்று கிராமுக்குக் கொஞ்சம் கம்மி.
செம்பு விலைக்கு இரண்டு ரூபாய்.
காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினேன், எட்டு.
டார்ச்சைச் சாய்த்து அடித்தேன், மூன்று.
நாலரை மணிக்குத் தகரக்கூரை இடுக்கில்
வெயில் சரிந்து விழும்போது
இரண்டும் இல்லை, ஐந்து.
மஞ்சக்குப்பம் நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றில்
சிங்கத்தின் வால் எத்தனை சுருள் என்றுகூட எண்ணினேன்.
கொளஞ்சிக்குக் கூலி கொடுக்க மறந்த சனிக்கிழமை
அதுதான்.

புதுச்சேரியில் பிலவேந்திரன் என்று ஒருவர்.
பழைய காசு வாங்குவார், விற்க மனசு வராது என்பார்கள்.
கண்ணில் லென்ஸை இடுக்கினார்.
வருஷத்தைப் பார்க்கவில்லை.
"புளி போட்டீங்களா?"
தலையாட்டினேன்.
"எட்டுன்னா எங்கிட்டயே ஒரு டப்பா இருக்கு.
மூணுன்னா யோசிக்கலாம்.
கழுவினப்புறம் மூணா இருந்தும் என்ன பண்ண?"
மண்ணும் உப்புக்காற்றும் மெல்லப் பூசிய அந்தத் தோல்,
அதற்குத்தான் விலையாம்.
நூற்றைம்பது ரூபாய் என்றார், மரியாதைக்கு.

எனக்குத் தொழில் தெரியும்.
கிலோவுக்கு ஐம்பது கிராம் அழுக்கு என்று
கழிவு போடாமல் எவரிடமும் செம்பு வாங்கியதில்லை.
இந்த மனிதர் அழுக்கை வாங்குகிறார்,
செம்பைக் கழிவு போடுகிறார்.

திரும்பும் பஸ்ஸில் சில்லறையாக் கேட்டார் கண்டக்டர்.
பைக்குள் விட்ட விரலில் அதுதான் முதலில் தட்டுப்பட்டது.
நெரிசலில் நீட்டிவிட்டேன்.
புரட்டிப் பார்த்து,
"இது செல்லாதுங்க."
அவரும் வருஷத்தைப் பார்க்கவில்லை.

கொளஞ்சியிடம் எல்லாம் சொன்னேன்.
காயில் உரிப்பதை நிறுத்தவில்லை அவள்.
"அழுக்குக்கா வெலை?"
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப அந்த ஒரு காசுக்கு என்ன குடுத்திருப்பான்?
ஒரு கை நெத்திலி?"
புத்தகத்தில் அது இல்லை.
மூன்று வாரத்தில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இழுப்பறையில் கிடக்கிறது, ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில்.
புளியின் பளபளப்பு போய்க்கொண்டிருக்கிறது.
முதலில் அலை கறுத்தது.
நேற்றுப் பார்த்தேன்,
சிங்கத்தின் மார்பு வரை வந்துவிட்டது.